கால்வாய்க் கரைச் சுவருக்கு மண் பரிசோதனை: கொடுத்த காசு வீண் போகவில்லை

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமாக வீடு இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் தடுக்க இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு தாங்குசுவர், அதைத் தாண்டினால் கரை செங்குத்தாகக் கால்வாய்க்குள் இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு அந்தச் சுவர் கால்வாய்ப் பக்கம் சாய ஆரம்பித்தது, நடுவில் நீளமாக விரிசல் வேறு. பார்க்க வந்த ஒரு கான்ட்ராக்டர், விரிசலை அடைத்துவிட்டு மேலே கான்கிரீட் பெல்ட் போட்டால் போதும் என்று நின்ற இடத்திலேயே ரேட் சொன்னார், மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனசு கேட்காமல்தான் மாதவரம் பக்கம் உள்ள ஒரு மண் பரிசோதனை நிறுவனத்தைக் கூப்பிட்டோம்.

வந்த இன்ஜினியர் மேடம் முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்தார், விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி அதில் தேதி எழுதினார். சுவர் இன்னும் நகர்கிறதென்றால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் அப்பாவிடம், "ஐயா, மழை நேரத்துல இந்தச் சுவர்ல எங்கயாவது தண்ணி கசியுமா?" என்று கேட்டார். "ஒரு சொட்டு வராதும்மா, அவ்வளவு கெட்டியா கட்டினது" என்றார் அப்பா. "அதுதான் ஐயா பிரச்சினையே."

அவர் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். நல்ல மணல் மண், தண்ணீர் வடிந்து போகிறது என்றால், இரண்டரை மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் தள்ளுவது ஏறக்குறைய 2 டன். அதே மண்ணில் தண்ணீர் மேல்வரை தேங்கினால் தண்ணீர் மட்டுமே 3 டன்னுக்கு மேல் தள்ளும், தண்ணீரில் மூழ்கிய மண் எடை குறைந்து முன்பைவிடக் குறைவாகத்தான் தள்ளும் என்பதால், மண்ணையும் சேர்த்தால் 4 டன். எங்கள் சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லை. வெள்ளம் நிற்கும்போது கால்வாய்த் தண்ணீரே எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்கும், அது சட்டென்று வடிந்ததும் முட்டு போய்விடும், ஆனால் உள்ளே மண்ணில் தேங்கியது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சுவர் ஏன் மழையில் நின்றுவிட்டு மழை விட்ட பிறகு சாய்ந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கத் துளை போடும் வேலையைக் கூடவே நின்று பார்த்தேன். முக்காலி நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள், எண்ணிக்கை கூடினால் மண் கெட்டி என்று அர்த்தம். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் எடுப்பதில்லை. மேலே உடைந்த செங்கல், ஓடு, பாலிதீன் என்று வெறும் ரப்பீஷ், அதற்குக் கீழே கறுப்புக் களிமண், குழாய் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. மணல் வந்த பிறகுதான் சுத்தியல் சத்தமே மாறியது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மேலே பெல்ட் போடுகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரிப்போர்ட்டும் தெளிவு. சறுக்காமல் இருக்கப் பாதுகாப்பு அளவு 1.5 வேண்டும், அதாவது தள்ளும் விசையைப் போல ஒன்றரை மடங்கை எதிர்த்து நிற்கும் பலம், தண்ணீர் நிரம்பினால் எங்கள் சுவருக்கு 1 தேறுவதே கஷ்டம். பின்னால் இருக்கும் ரப்பீஷைத் தோண்டி எடுத்து ஜல்லியும், மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டித் துணியும் போட வேண்டும், சுவரில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், கால்வாயைத் தூர் வாரியதில் கரையின் அடிமண் போயிருப்பதால் அங்கே கல் அடுக்க வேண்டும், சுவரை ஒட்டி எந்தப் பாரமும் வைக்கக் கூடாது. அவ்வளவையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரமாக அடுக்கி வைத்திருந்த செங்கல்லை அன்றைக்கே முன்பக்கம் மாற்றிவிட்டோம்.

குறையும் உண்டு. துளை போட்ட சேற்றைச் சந்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டு அக்கா வழுக்கி விழப் பார்த்தார், போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் ஆள் வந்து கழுவினார்கள். ரிப்போர்ட் சொன்ன தேதியைத் தாண்டி வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். கேட்டதும் மேடம் உட்கார்ந்து தமிழில் பக்கம் பக்கமாக விளக்கினார், ஆனால் கேட்காதவர்களுக்கு அது கிடைக்காதே, ஒரு பக்கமாவது தமிழில் எழுதித் தரலாம். காசு ஆழத்துக்கு மீட்டர் கணக்கு, மெஷின் கொண்டுவர தனி. இரண்டையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே கூப்பிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் சந்துக்குள் முக்காலி நிறுத்தவே இடம் இருக்காது.