ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலையில் ஆறு ஆண்டுகள்: எந்த வேக்குவம் கிளீனரை நம்பலாம்?

ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் குழுவில் நான் சேர்ந்த புதிதில் எங்களிடம் ஒரு வேக்குவம் கிளீனர் இருந்தது. அட்டைப்பெட்டியில் 'ஹெப்பா' (மிக நுண்ணிய தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததால் அதை வாங்கியிருந்தோம். ஒருநாள் வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, காற்று வெளியேறும் துளைகளின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு தெரிந்தது. துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே படிவு. வேலை நடக்கும் இடத்தைத் தூசி வெளியேறாதபடி மூடிய அடைப்புக்குள்ளேயே, சுவாசக் கவசத்தைக் கழற்றாமல் திறந்து பார்த்தோம். வடிகட்டியில் குறையில்லை. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு மூலையில் பதியாமல் நின்றது. அந்த இடைவெளி வழியாகத் தூசி மோட்டாரைத் தாண்டி, நாங்கள் நின்ற அறைக்கே திரும்பி வந்திருக்கிறது. எத்தனை நாட்களாக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அதை ஒதுக்கிவிட்டு எச் வகுப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். ஐரோப்பியத் தரத்தில் எல், எம், எச் என்று மூன்று தூசி வகுப்புகள் உண்டு. எல் 99 சதவீதமும், எம் 99.9 சதவீதமும், எச் 99.995 சதவீதமும் தூசியைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸுக்கு எச் மட்டுமே பொருந்தும். இந்த எண்ணைவிட முக்கியமான ஒன்று உண்டு: எச் வகுப்பில் வடிகட்டித் தாளை மட்டும் சோதித்து விட்டுவிடுவதில்லை, பொருத்தி முடித்த முழு இயந்திரத்தையும் சோதிக்கிறார்கள். எங்களை ஏமாற்றிய அந்த ரப்பர் வளையம் இப்படிப்பட்ட சோதனையில் தப்பியிருக்காது.

நுரையீரலுக்குள் இறங்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் 3 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலிந்தவை. கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மீசோதெலியோமா (பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) போன்ற நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று செய்யும் தவறு இன்று வலிக்காது என்பதால்தான் இந்த வேலையில் கருவியை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது மோட்டாரின் வாட் கணக்கைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பையைக் கேட்பேன். உறிஞ்சும்போது நடப்பதைவிட, நிறைந்த பையை வெளியே எடுக்கும் அந்த இரண்டு நிமிடங்கள்தான் ஆபத்தானவை. எங்கள் இயந்திரத்தின் பை வாயில் ஒரு நகரும் மூடி இருக்கிறது. குழாயைக் கழற்றியவுடன் அதை இழுத்து அடைத்துவிடலாம். பிறகு தெளிப்பானால் பையின் மேற்புறத்தை நனைத்து, மெதுவாகத் தூக்கி, வெளிப் பையின் கழுத்தை முறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு எச்சரிக்கைச் சீட்டை ஒட்டுவோம். ஒருமுறை வேறு தயாரிப்பின் பையைப் போட்டுப் பார்த்தோம். கழுத்து தளர்வாக இருந்தது. அதன்பிறகு அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

காற்றின் வேகம் குழாயில் விநாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் இயந்திரத்தில் ஓர் எச்சரிக்கை ஒலி எழும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பின்னர் அது கத்திய ஒவ்வொரு முறையும் பை நிறைந்தோ குழாய் மடங்கியோ இருந்ததைப் பார்த்து, அதன் சொல்லை மீறுவதில்லை.

இந்த இயந்திரத்தின் குறை சக்கரங்கள். அச்சைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தூசி தங்குகிறது, துணி நுழையாது. அடைப்புக்குள் கொண்டுபோகும் முன்பே பள்ளங்களை டேப்பால் மூடிவிடுகிறேன். குழாய் நிலைமின்சாரம் தேங்காத வகை என்பதால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு தவறு என்னுடையது. நனைத்த கழிவோடு தேங்கிய நீரையும் உறிஞ்சிவிட்டேன். எங்கள் இயந்திரம் ஈர வேலைக்கானது அல்ல. வடிகட்டி ஊறிப் பாழானது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளையும் இதில் இழுக்கக் கூடாது. நனைத்துக் கையால் எடுத்துப் பையில் போட வேண்டும். தூசி வெளியே கசியாதபடி அடைப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கும் கருவிக்கு இது மாற்றாகவும் ஆகாது. எளிதில் உதிரும் வெப்பக்காப்புப் பூச்சு என்றால், உரிமம் பெற்ற குழுவைத் தவிர வேறு யாரும் தொடவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுண்துகள் புகையைச் செலுத்திக் கசிவுச் சோதனை செய்யக் கொடுக்கிறோம். ஒருமுறை தோற்றது. வண்டியில் ஏற்றி இறக்கியதில் வடிகட்டி சற்றே நகர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை, உறிஞ்சும் வலுவும் குறையவில்லை. அன்றிலிருந்து பயணத்தின்போது அதை நிமிர்த்தி வைத்து, வாரால் கட்டி, குழாயின் இரு முனைகளையும் மூடியால் அடைத்தே கொண்டுபோகிறோம். சுவர்ப் பூச்சுத் தூசிக்காக இரவல் கேட்டு வருபவர்களிடம் தர மறுத்துவிடுகிறேன். அவர்கள் அதை எங்கே திறப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.