கலிஃபோர்னியா கவுண்டி போர்டு கூட்டம்: நேரில் போவதா, அஜெண்டாவைப் படிப்பதா?

செவ்வாய்க்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டுக் கவுண்டி போர்டு கூட்டத்தில் போய் உட்காரலாமா என்று யோசிப்பவர்களுக்கு: இதில் உருப்படியான பாகம் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே வெளியாகிவிடும். அதற்கு அஜெண்டா பாக்கெட் என்று பெயர்: கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியலும் அவற்றுக்கான அறிக்கைகளும். செவ்வாய் காலை மன்றத்தில் நடப்பது பெரும்பாலும் அதற்கு முத்திரை குத்தும் வேலை. பாக்கெட்டைப் படித்தவருக்குக் கூட்டம் பயன்படும். படிக்காமல் போனால் பார்க்கிங் காசுதான் தண்டம்.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றையும் மக்கள் தேர்ந்தெடுத்த 5 சூப்பர்வைசர்கள் கொண்ட போர்டு நடத்துகிறது. நகரமும் கவுண்டியும் ஒன்றான சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 11 பேர். 2020 கணக்கெடுப்பில் 1,204 பேர் இருந்த ஆல்பைன் கவுண்டிக்கும் ஐந்து பேர், ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஐந்து பேர். லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்கள் 2024 நவம்பரில்தான் இதை 9 ஆக்க ஒப்புக்கொண்டார்கள். தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கும் சான்ட்டா கிளாரா கவுண்டியின் போர்டு, சான் ஹோசேயில் 70 வெஸ்ட் ஹெட்டிங் தெருவில் கூடுகிறது. கீழே சொல்லும் விதிகள் மாநிலச் சட்டத்திலிருந்து வருபவை. எந்தக் கவுண்டிக்கும் பொருந்தும். நேரக்கணக்கு, ஐட்டங்களின் வரிசை போன்றவை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் சரியான கதவைத் தட்டுகிறீர்களா என்று பாருங்கள். சன்னிவேலிலோ ஃப்ரீமான்ட்டிலோ குடியிருந்தால், தெருக்குழி, பக்கத்து வீட்டு மாடிக்கட்டுமானம், டிராஃபிக் விளக்கு எல்லாம் சிட்டி கவுன்சில் சமாச்சாரம். பள்ளி எல்லை மாற்றத்துக்குப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டின் தனி போர்டு உண்டு. கவுண்டி பார்ப்பது ஷெரிஃப், சிறை, பொது சுகாதாரம், மெடி-கால் (மருத்துவக் காப்பீடு), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) போன்ற உதவித் திட்டங்கள், தேர்தல், சொத்து மதிப்பீடு ஆகியவற்றை. எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளுக்கு மட்டும் கவுண்டியே நகராட்சி போலச் செயல்பட்டுக் கட்டட அனுமதியும் தரும். வீட்டு வரி மதிப்பீடு அதிகம் என்ற புகாரை மைக்கில் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பல கவுண்டிகளில் அசெஸ்மென்ட் அப்பீல்ஸ் போர்டு தனியாக இருக்கிறது. வழக்கமான மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் ஜூலை 2-இல் தொடங்கி, கவுண்டியைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30-இல் முடியும். ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த ஆண்டுதான்.

இனி அஜெண்டா. உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக அது பொது இடத்திலும் இணையதளத்திலும் வெளியாக வேண்டும். சிறப்புக் கூட்டமென்றால் 24 மணி நேரம் போதும். செவ்வாய் காலை 9:30-க்குக் கூட்டம் என்றால், சனி காலை 9:30 கடைசிக் கெடு. நடைமுறையில் வியாழன் அல்லது வெள்ளியே வந்துவிடும். பட்டியலில் இல்லாத விஷயத்தில் போர்டு முடிவெடுக்கக் கூடாது. உண்மையான அவசரநிலை இருந்தாலோ, பட்டியல் வெளியான பிறகு உடனடித் தேவை எழுந்ததாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் தீர்மானித்தாலோதான் விதிவிலக்கு.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சுருக்கமான விவரம் போதும், பொதுவாக 20 சொல்லைத் தாண்டத் தேவையில்லை என்கிறது சட்டம். இருபது சொல்லில் எதையும் மறைக்கலாம்! அதனால் தலைப்போடு நிறுத்தாமல், அதனுடன் இணைந்திருக்கும் அதிகாரிகளின் அறிக்கையைத் திறக்க வேண்டும். மாதிரிக்கு இப்படி ஒரு வரி வரும்: “மனநல சிகிச்சைப் படுக்கைகளுக்கான ஒப்பந்தத்தில் மூன்றாவது திருத்தம்; உச்சத் தொகையில் 1.2 மில்லியன் டாலர் சேர்த்து 4.8 மில்லியன், காலம் 12 மாத நீட்டிப்பு.” பார்க்கச் சாதுவான வரி. அறிக்கைக்குள் போய் முதல் ஒப்பந்தத் தொகையைத் தேடுங்கள். அது 1.5 மில்லியன் என்றிருந்தால், டெண்டர் விடாமலே மூன்று திருத்தத்தில் மும்மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கேட்க வேண்டிய கேள்வி கையில் வந்துவிட்டது: அடுத்த நீட்டிப்புக்கு முன் போட்டி டெண்டர் விடுவீர்களா, எந்தத் தேதிக்குள்?

அறிக்கையில் கண்ணை ஓட்ட வேண்டிய இன்னும் சில இடங்கள். “சோல் சோர்ஸ்” என்ற சொல் இருந்தால், ஒரே நிறுவனத்தை மட்டும் அழைத்ததற்கான காரணத்தைப் படியுங்கள். அந்தக் காரணம் ஒரு வரியில் முடிந்தால் கேள்வி கேட்கலாம். “டெலிகேஷன் ஆஃப் அதாரிட்டி” என்றால், குறிப்பிட்ட தொகை, தேதி வரை திருத்தும் அதிகாரத்தை போர்டு அதிகாரியிடம் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்த ஒப்பந்தம் மறுபடி பட்டியலுக்கே வராது. அதிகாரத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

“ரெட்ரோஆக்டிவ்” என்றிருந்தால் ஒப்பந்தம் தொடங்கும் தேதி கூட்டத் தேதிக்கு முந்தையது. மாநில நிதி உத்தரவு தாமதமாக வந்திருக்கலாம், ஒப்பந்ததாரரின் இன்ஷூரன்ஸ் சான்றிதழ் வராமல் இருந்திருக்கலாம், துறையே தூங்கியிருக்கலாம். காரணம் எதுவானாலும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். இப்போது போர்டு வேண்டாம் என்றால், செய்த வேலைக்கான பில் யார் தலையில்? ஆகவே நடைமுறையில் மறுக்க முடியாத ஐட்டம் இது. ஒரே துறையிலிருந்து மாதா மாதம் இப்படி வந்தால் அதைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

“நெட் கவுண்டி காஸ்ட் இல்லை”, அதாவது கவுண்டியின் சொந்தப் பணம் செலவாகாது என்ற வரியை இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் மாநிலத்திலிருந்தோ ஃபெடரல் மானியத்திலிருந்தோ வருகிறது, அவ்வளவுதான். மானியம் தீர்ந்ததும் அந்த வேலையிடங்களுக்கு யார் சம்பளம் தருவது என்று அறிக்கை சொல்கிறதா பாருங்கள். சில கவுண்டிகளின் அறிக்கையில் “மறுத்தால் விளைவு என்ன” என்றொரு பகுதியும் இருக்கும். அதில் எப்போதும் வானம் இடிந்து விழும். அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வழக்கமான வேலைகள் எல்லாம் அடங்குவது கன்சென்ட் காலண்டரில். ஒப்பந்தத் திருத்தங்கள், மானியம் ஏற்பு, கமிஷன் நியமனங்கள், முந்தைய கூட்டத்தின் மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு) என்று பல டஜன் ஐட்டங்கள் ஒரே ஓட்டில் போய்விடும். பெரிய கவுண்டிகளில் கோடிக்கணக்கான டாலர் சில நொடிகளில் நிறைவேறுவதைப் பார்த்து முதல்முறை வருபவர்கள் திகைத்துப்போவார்கள். விவாதம் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது: சூப்பர்வைசர்களுக்கு அதிகாரிகள் தனித்தனியே முன்கூட்டியே விளக்கம் தரலாம். ஆனால் ஐந்தில் மூன்று பேர் பொதுக்கூட்டத்துக்கு வெளியே தங்களுக்குள் பேசி ஒரு கருத்துக்கு வரக் கூடாது. ஒருவர் சொன்னதை உதவியாளர் வழியாக அடுத்தடுத்தவருக்குக் கடத்தி அப்படி மூன்று பேரைச் சேர்ப்பதும் சட்டமீறல்தான்.

ஒரு ஐட்டம் விவாதத்துக்கு வர வேண்டுமென்றால், அதை யாராவது பட்டியலிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். சில இடங்களில் பார்வையாளர் கேட்டாலே எடுப்பார்கள். பல இடங்களில் சூப்பர்வைசர்தான் எடுக்க முடியும். அதனால் உங்கள் டிஸ்ட்ரிக்ட் சூப்பர்வைசர் அலுவலகத்துக்குத் திங்கள் மதியத்துக்குள் மெயில் போக வேண்டும். ஐட்டம் எண், உங்கள் கேள்வி, என்ன மாற்றம் வேண்டும் என்ற மூன்றும் பத்து வரிக்குள் இருக்கட்டும். கூட்ட நாள் காலையில் வரும் மெயில் கோப்பில் சேரும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: பல கவுண்டிகளில் கன்சென்ட் ஓட்டு கூட்டத்தின் தொடக்கத்திலேயே நடந்துவிடும். 10 மணிக்கு நிதானமாக வந்து “ஐட்டம் 40 எப்போது?” என்று கேட்டால், அது முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

பொதுமக்கள் பேசும் நேரமான பப்ளிக் கமென்ட்டுக்கு வருவோம். பேச விரும்புபவர் ஸ்பீக்கர் கார்டு நிரப்புவார், அல்லது ஆன்லைனில் பதிவு செய்வார். கூட்டத்தில் உட்காருவதற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வருகைத் தாள் சுற்றிவந்தால் அது விருப்பப்பட்டால் மட்டுமே என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வீடியோ எடுக்கவும் உரிமை உண்டு.

பேசும் நேரம் தலைவர் கையில். 3 நிமிடம் என்று அச்சிட்டிருக்கும். பேசுபவர்கள் அதிகமென்றால் 2 ஆகும், 1 ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட கன்சென்ட் ஐட்டங்களைப் பற்றிப் பேசினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நேரம் தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆகவே இரண்டு பிரதி கையில் இருக்கட்டும்: இரண்டு நிமிடத்துக்கு 240 ஆங்கிலச் சொல், ஒரு நிமிடத்துக்கு 120. முதல் வாக்கியத்திலேயே ஐட்டம் எண், ஆதரவா எதிர்ப்பா, என்ன வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். “நீட்டிப்பை 12 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைத்து, அதற்குள் டெண்டர் அறிக்கை கேளுங்கள்” என்பது போர்டு அப்படியே மோஷனாக, அதாவது ஓட்டுக்கு விடும் முன்மொழிவாக எடுக்கக்கூடிய கோரிக்கை. “வெளிப்படைத்தன்மை வேண்டும்” என்றால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். வணக்கம், நன்றி, குடும்ப வரலாறு என்று ஆரம்பித்தால், நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் விளக்கு எரியும்போதுதான் விஷயத்துக்கு வருவீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத வசதி ஒன்று. ஆங்கிலம் வராத ஒருவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால், மற்றவர்களைவிடக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட்கும்போதே காதில் மொழிபெயர்ப்பு வரும் கருவி வைத்திருந்தால் மட்டும் விலக்கு. அம்மாவோ மாமனாரோ தமிழில் பேச, மகள் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லலாம். 2 நிமிடம் 4 நிமிடமாகும். கார்டு கொடுக்கும்போதே கிளார்க்கிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டைமர் பாதியில் கத்தும்.

பட்டியலில் இல்லாத விஷயத்தைப் பேசினால், எதிரே ஐந்து பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். மரியாதைக் குறைவென்று கோபிக்க வேண்டாம். அஜெண்டாவில் இல்லாததை விவாதிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஒரு கேள்வி கேட்கலாம், அதிகாரிகளுக்கு அனுப்பலாம், அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம். நீங்கள் குறிவைக்க வேண்டியது அந்தக் கடைசி இரண்டை.

ஓட்டுக் கணக்கில் ஒரு நுணுக்கம். ஐந்து பேர் கொண்ட போர்டில் கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, 3 பேர். ஆனால் வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது; மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். மூன்று பேர் மட்டும் வந்திருந்தால் மூவரும் ஒத்துப்போனால்தான் தீர்மானம் செல்லும். எதிர்பாராத வருவாயை நடப்பு பட்ஜெட்டில் சேர்த்துச் செலவிட ஐந்தில் நான்கு ஓட்டு தேவை. இருவர் விடுப்பென்றால் அந்த ஐட்டம் தள்ளிப்போகும். சாதாரண ஆர்டினன்ஸை (கவுண்டி இயற்றும் சட்டம்) அறிமுகப்படுத்திய 5 நாளுக்குள் நிறைவேற்றக் கூடாது என்பதால் அது இரண்டு கூட்டங்களில் வரும். நிறைவேறி 30 நாள் கழித்து அமலாகும். அவசர ஆர்டினன்ஸுக்கு மறுபடியும் நான்கு ஓட்டு. முதல் கூட்டத்தைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கன்சென்ட்டில் ஒளிந்திருக்கும்.

நில உபயோகம், கட்டட அனுமதி பற்றிய பொது விசாரணை மட்டும் வேறு ரகம். அங்கே சோம்பல் கூடாது. பொதுவாக 10 நாள் முன்னதாக, 300 அடி சுற்றளவில் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்குத் தபால் வரும். வாடகைக்கு இருப்பவருக்குப் பொதுவாக வராது, அவர் மெயில் அறிவிப்புக்குப் பதிந்துகொள்வது நல்லது. பின்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தால், விசாரணையில் வாயாலோ அதற்குள் எழுத்திலோ எழுப்பிய ஆட்சேபங்களை மட்டுமே வாதமாக வைக்க முடியும் என்ற நிலை வரலாம். நில உபயோக முடிவுகள் பலவற்றுக்கு வழக்குத் தொடரும் கெடுவும் 90 நாள்தான். அதனால் இரண்டு நிமிடப் பேச்சை நம்பாமல், எல்லா ஆட்சேபங்களையும் கடிதமாக எழுதி, ஐட்டம் எண் போட்டு, பெற்றுக்கொண்டதற்கான பதில் மெயிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மூடிய அமர்வில் வழக்கு, ஊழியர் நியமனம், சம்பளப் பேச்சு, நிலம் வாங்கும் விலை போன்றவை பேசப்படும். வெளியே காத்திருப்பது வீண். முடிவு எடுத்திருந்தால் பல விஷயங்களில் வெளியே வந்து அறிவிக்க வேண்டும், அதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நடக்கும் பாராட்டுப் பத்திர வைபவமும் போட்டோவும் தாண்டிப்போகக்கூடியவை. உங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால், சில வாரம் முன்னதாகச் சூப்பர்வைசர் அலுவலகத்தில் கேளுங்கள்.

செலவு ஏதும் இல்லை. பாக்கெட் பிடிஎஃப் இலவசம். காகிதப் பிரதி தபாலில் கேட்டால் அடக்கவிலை வாங்கலாம். அந்தக் கோரிக்கை அந்தக் காலண்டர் ஆண்டுக்கு மட்டும் செல்லும், ஜனவரி பிறந்ததும் புதுப்பிக்க வேண்டும். பல கவுண்டிகள் லெஜிஸ்டார், கிரானிகஸ் போன்ற மென்பொருளில் வெளியிடுகின்றன. அதில் “கான்ட்ராக்ட் அமெண்ட்மென்ட்” என்று தேடுவதைவிட ஒப்பந்ததாரர் பெயரைப் போட்டுத் தேடினால் பழைய திருத்தங்கள் வரிசையாக வரும். 72 மணி நேரத்துக்குள் சூப்பர்வைசர்களில் பெரும்பான்மையோருக்குக் கொடுத்த புதிய ஆவணம் உங்களுக்கும் அதே நேரத்தில் கிடைக்க வேண்டும். எனவே திங்கள் இரவு பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள், கடைசி நேரத் திருத்தப் பிரதி அங்கேதான் சொருகப்பட்டிருக்கும்.

யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது ஒவ்வொருவர் பெயரோடும் பதிவாக வேண்டும். ரகசிய ஓட்டுக்கு இடமில்லை. மினிட்ஸில் பேச்சு இருக்காது, முடிவு மட்டும்தான் இருக்கும். நீங்கள் கேட்ட மாற்றம் மோஷனில் சேர்ந்ததா என்று வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மினிட்ஸும் பின்னர் ஒரு கூட்டத்தின் கன்சென்ட்டில்தான் ஒப்புதலுக்கு வரும். பிழை இருந்தால் அதற்குள் கிளார்க்குக்கு எழுதிவிட வேண்டும்.