காலில் எண்ணெய் தேய்த்தே 38,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்: வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

நேற்று மாலையும் அந்த எண்ணெய்ச் சிகிச்சை நிலையத்தின் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வயிறு எரிகிறது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருக்கும், வெரிகோஸ் வெயின் என்பார்களே, அதுதான். பொழுது சாய்ந்தால் கால் வீங்கி, கொலுசு பதிந்த தடம் விடியும்வரை மறையாது. உள் கணுக்காலுக்கு மேலே தோல் கருத்துத் தடித்துவிட்டது.

வேலூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மூலிகை எண்ணெய்ச் சிகிச்சை நிலையம். ‘கத்தியின்றி ஒரு மண்டலத்தில் கால் நரம்பு வால்வு சரியாகும்’ என்று பலகை. உள்ளே இருந்தவர் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எத்தனை வருடமாக இதைத் தாங்குகிறீர்கள், அம்மா?” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காலை அதுவரை யாரும் அப்படிக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, நானும்தான். அங்கேயே விழுந்தோம். கம்மலை அடகு வைத்து 38,500 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டினேன். ரசீது கேட்டதற்கு நோட்டுத் தாளைக் கிழித்துத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

தினமும் சூடான எண்ணெய், அழுத்தித் தேய்ப்பு. மூன்றாம் வாரம் கருத்த இடம் உரிந்து நீர் கசிந்தது. “கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, நல்லதுதான்” என்றார்கள். புண் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்த பிறகு போன் செய்தால் “ஐயா முகாமில் இருக்கிறார்”, “வெள்ளிக்கிழமை வாருங்கள்”. நேற்று, “அம்மா பத்தியத்தை மீறியிருப்பார்.” மூன்று வாரம் புளியைத் தொடாமல் சாப்பிட்டவரைப் பார்த்து!

மருத்துவமனையில் அம்மாவை நிற்க வைத்து, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலை அழுத்தினால் ரத்தம் மேலே ஏறுகிறது, கையை எடுத்தால் அப்படியே கீழே இறங்குகிறது. திரையில் நானே பார்த்தேன். இறங்கவிடாமல் தடுக்க வேண்டிய வால்வு கெட்டுப்போனதால்தான் ரத்தம் கணுக்காலில் தேங்கி, தோல் கருத்து, புண்ணாகிறது. கெட்ட வால்வை எந்த எண்ணெயும் சரிசெய்யாது என்று டாக்டர் சொன்னார். இப்போது இறுக்கக் கட்டு. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். தேவைப்பட்டால் பழுதான ரத்தக்குழாயை லேசரால் மூடுவார்களாம். இதற்கு முன்னால் 38,500 ரூபாயைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. டாப்ளர் எடுக்காமல் யாரிடமும் காலை நீட்டாதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தேய்க்கவே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். இறுக்கக் காலுறையையும் நீங்களாக வாங்கி மாட்டாதீர்கள், பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாக்டர் பார்க்கட்டும்.

அந்த நோட்டுத் தாளை எடுத்துக்கொண்டு நாளை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.