ரூஃபஸா, வென்டாயா?

பென்டிரைவில் இருந்தே கணினி தொடங்கும்படி (பூட் ஆகும்படி) செய்து தரும் மென்பொருள்கள் இவை; இரண்டுமே இலவசம். வேலை செய்யும் விதம்தான் வேறு.

ரூஃபஸ் ஒரே ஒரு ஐஎஸ்ஓவுக்கு (இயங்குதளத்தை நிறுவுவதற்கான கோப்பு) பென்டிரைவ் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடும். அடுத்த வாரம் உபுண்டு போன்ற வேறு இயங்குதளம் வேண்டுமென்றால் அழித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. வென்டாயை ஒருமுறை ஏற்றினால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி செய்வதுபோல் போட்டுக்கொண்டே போகலாம். பூட் ஆகும்போது பட்டியல் வரும், அம்புக்குறியால் நகர்த்தி என்டர் தட்டினால் சரி. மிச்ச இடத்தில் வேறு கோப்புகளும் வைக்கலாம். என் பையில் எப்போதும் இருப்பது இதுதான்.

ஒரு சங்கடம்: செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் வென்டாய் முதல்முறை நீலத்திரை காட்டி, தன் டிஜிட்டல் சாவியைப் பதியச் சொல்லும். ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து பென்டிரைவைப் பிடுங்கியவன் நான்.

ரூஃபஸின் பலம் விண்டோஸ் 11. எழுதத் தொடங்கும் முன் சிறு பெட்டி ஒன்று வரும்; விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) சோதனையை நீக்கவா என்று கேட்கும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு டிக் பெரிய உதவி. ஆனால் ரூஃபஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும், வென்டாய் லினக்ஸிலும் ஓடும்.

அப்புறம், இரண்டுமே முதல்முறை பென்டிரைவைத் துடைத்துவிடும். உள்ளே இருக்கும் படங்களை முன்னதாகவே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.