பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை: கன்சல்டன்டா, நாமேவா?

கம்பெனியில் பத்து தொழிலாளர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு); இருபதைத் தொட்டால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). இரண்டுக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

கன்சல்டன்டிடம் விட்டால் சலான் நேரத்துக்கு வந்துவிடும், தலைவலி இல்லை. ஆனால் அவர் கையில் நம்மைப் போல் எத்தனையோ கம்பெனிகள். 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பங்கு முதலாளிக்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகவும், தொழிலாளிக்கு 1.75லிருந்து 0.75 ஆகவும் குறைந்தது. எங்கள் கன்சல்டன்ட் பழைய ஷீட்டையே அனுப்பினார். சம்பளச் சீட்டைப் பார்த்த, எங்களிடம் வேலை பார்க்கும் டெய்லர்தான், "அண்ணே, பிடித்தம் குறையணுமே?" என்று கேட்டார்.

நாமே செய்தால் மாதம் அரை நாள் போகும். ஓ.டி.பி. வராது, சர்வர் தூங்கும். சரி, ஆனால் விதி மாறினால் உடனே தெரிந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. அதன்படி, வீட்டு வாடகைப் படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் சேரும். ஷீட்டில் நாமே போட்டுப் பார்த்தபோதுதான் ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு ஏறுகிறது என்று உறைத்தது.

இப்போது சலான் போடுவது கன்சல்டன்ட், கணக்கு போடுவது நான்.