மலைத்தோட்டத்துக்கு எந்தத் தொட்டி: மண்ணா, சிமெண்டா, ஹைபர்டூஃபாவா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் தோட்டம் போடுகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மண் தொட்டி, நர்சரியில் விற்கும் சிமெண்ட் தொட்டி, அப்புறம் சிமெண்டோடு பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல்லின் எடை குறைந்த வெள்ளைத் துகள்) தேங்காய் நார்த்தூளும் குழைத்து நாமே வார்த்துக்கொள்ளும் ஹைபர்டூஃபா. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான், ஆனால் எல்லாச் செடிக்கும் இல்லை.

மண் தொட்டியில் வேருக்குக் காற்று கிடைக்கும், விலையும் குறைவு. சமவெளி வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்லை. இங்கே மழைக்காலம் முழுக்க அது ஊறிக்கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் உறைபனி கொட்டும்போது, சுவருக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். சரியாக வேகாத தொட்டி என்றால் விளிம்பு பட்டை பட்டையாக உதிர ஆரம்பித்துவிடும்.

சிமெண்ட் தொட்டி உறுதி, சந்தேகமே இல்லை. கனம்தான் பிரச்சனை. படிப்படியாக வெட்டிய சரிவில் மண் நிரப்பிய ஒரு பெரிய தொட்டியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். வாசலோரம் ஒரே இடத்தில் நிற்கப் போகிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஹைபர்டூஃபா அதே அளவு சிமெண்ட் தொட்டியில் ஏறக்குறைய பாதி எடைதான் வரும். ஓரளவு காற்றும் புகும், மண் தொட்டி அளவுக்கு வேகமாகக் காயாது. நம் ஈரத்துக்குப் பாசியும் சீக்கிரமே படர்ந்து, பார்க்கப் பழைய கல் தொட்டி போலவே ஆகிவிடும். கலவை இதுதான்: இரண்டு சட்டி சிமெண்ட், மூன்று சட்டி பெர்லைட், மூன்று சட்டி நார்த்தூள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ஏனென்றால் ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், பெர்லைட் தூசி நெஞ்சுக்கு ஆகாது. குழைத்ததை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் கசிய வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம். சுவர் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அடியில் வடிகால் துளையும் மறக்கக் கூடாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் நார்த்தூளுக்குப் பதில் பீட் பாசி, அதாவது சதுப்பில் மக்கிக் கிடக்கும் பாசி, என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு இங்குள்ள சதுப்பில் கருமண் வெட்ட யாரும் இறங்கிவிடாதீர்கள். ஊட்டி பக்கத்துச் சாண்டிநல்லா சதுப்பின் அடிமண்ணுக்கு ஏறக்குறைய 40,000 ஆண்டு வயது. நம் ஓடைகளுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுப்பது இந்தச் சதுப்புகள்தான். பொள்ளாச்சி நார்த்தூளே தாராளமாகப் போதும். ஒரே ஒரு வேலை, அதிலுள்ள கறை சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், பழுப்புத் தண்ணீர் வெளுக்கும் வரை அலசிப் பிழிந்து, நீள நார்களைச் சலித்து எடுத்துவிட வேண்டும்.

எப்போது செய்வது என்பதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வித்தியாசம். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் சிமெண்ட் இறுகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும், இறுகும் முன்பே உறைந்தால் தொட்டி வீண். அதனால் பனிக்காலத்தில் வேண்டவே வேண்டாம், மார்ச் மாதம் சரியான நேரம். மூட்டையில் 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) என்று பார்த்து வாங்கினால் இந்தக் குளிருக்குக் கொஞ்சம் சீக்கிரம் பலம் வரும். பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு மூன்று நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, கம்பி பிரஷ்ஷால் மேலே சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டு, மறுபடி ஈரச் சாக்கு சுற்றி ஒரு மாதம் நிழலில் வையுங்கள். இந்த ஒரு மாதத்தில் அவசரப்பட்டால்தான் விரிசல் விடும்.

அதற்கப்புறமும் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும், செடி வைக்கும் முன் அதைக் கழுவிப் போக்க வேண்டும். ஊட்டிக்காரர்கள் மார்ச்சில் செய்த தொட்டியை அப்படியே ஜூன் மழையில் போட்டுவிடலாம், மழையே கழுவிவிடும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் பெருமழை ஐப்பசியில்தான், அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் தண்ணீர் நிரப்பி வைத்து அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள்.

கள்ளி வகை, செடம் என்ற தடித்த இலைச் செடி, ஜெரேனியம் இவற்றுக்கு ஹைபர்டூஃபாவை விட்டால் வேறு தொட்டி தேட வேண்டாம். அசேலியா, கமேலியா இரண்டும் புளிப்பு மண் கேட்கிறவை, சுண்ணாம்பு சற்று இருந்தாலும் இலை வெளிறிவிடும், அவற்றை மண் தொட்டியிலேயே வையுங்கள், உறைபனி நாட்களில் மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்தால் போதும்.