ஆறு வருடத்தில் நான்கு டிரான்ஸ்ஃபர் பெல்ட்

மதுரையில் எங்கள் கடையில் ஓடும் கலர் டிஜிட்டல் மெஷின் செகண்ட் ஹேண்டாக வந்தது. 13க்கு 19 அங்குலத் தாள் வரை எடுக்கும். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, விசிட்டிங் கார்டு, புத்தக அட்டை என்று ஒரு சின்னக் கடைக்கு வரக்கூடியதெல்லாம் அதில் ஓடியிருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் டிரம் (ஒவ்வொரு கலருக்கும் படத்தை உருவாக்கும் உருளை) எத்தனை மாற்றினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. ஆனால் பெல்ட் கணக்கு மட்டும் டைரியில் இருக்கிறது. மெஷினோடு வந்த பெல்ட் எங்களிடம் 1,80,000 தாள் ஓடியது. இரண்டாவது 9,000. மூன்றாவது 3,10,000. நான்காவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் நிற்கும் அந்த 9,000, நானே மாட்டியது.

பெல்ட் என்றதும் மாவு மில் பெல்ட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி கறுப்பாக, பளபளப்பாக, மூட்டு இல்லாமல் வளையமாக இருக்கும். பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் கார்பன் கலந்து செய்வது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நான்கு கலர் டிரம்களும் வரிசையாக நிற்க, இது அவற்றை உரசியபடி ஓடும். ஒவ்வொரு டிரம்மும் தன் கலர் டோனரை, அதாவது மைப் பொடியை, இதன்மேல் இறக்கும். பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ரோலரில் வரும் மின்னழுத்தம்தான் டோனரை இழுக்கிறது, கார்பன் சேர்ப்பதும் அதற்காகத்தான். நான்கு கலரும் சேர்ந்து முழுப் படமான பிறகே தாளுக்குப் போகும். அதாவது தாளுக்கு முன்னால் படம் முதலில் அச்சாவது பெல்ட்டில்.

அதனால் பெல்ட் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் கலர் விலகிவிடும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) மெஷினில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.04 மில்லிமீட்டர். பெல்ட் 0.1 மில்லிமீட்டர் ஆடினால் இரண்டு புள்ளிக்கு மேல் தள்ளிப் போகும். போட்டோவில் இது தெரியாது. அரக்குச் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த பத்திரிகையில் உடனே தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியும் ணகரச் சுழிகளும் அடைந்து போகும், எழுத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு எட்டிப் பார்க்கும். மணப்பெண் பெயரில் புள்ளி காணாமல் போனால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

சரி, அந்த இரண்டாவது பெல்ட். ஒரிஜினலின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு கம்பேட்டிபிள் பெல்ட், அதாவது வேறு கம்பெனி செய்த மாற்று பெல்ட், கிடைத்தது. வீடியோ பார்த்து நானே மாட்டினேன். டிரம்களை எடுத்து வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி வைத்தேன், டென்ஷன் லீவரைத் தளர்த்தினேன், பழையதை உருவினேன், புதியதைக் கோத்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் தாளைப் பார்த்துவிட்டு, சர்வீஸ் சார்ஜ் மிச்சம் என்று தம்பியிடம் பெருமையடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பெல்ட்டின் ஓரம் முன்பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்து தொங்கியது. மேற்பரப்பு புதுசு மாதிரியே இருந்தது.

வந்த சர்வீஸ் இன்ஜினியர் பெல்ட்டைத் தொடவே இல்லை. நேராக ரோலரின் ஓரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். பழைய டோனர் அங்கே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. “அண்ணே, இதைச் சுரண்டாம மேல மாட்டிட்டீங்க” என்றார். என் அனுபவத்தில் பெல்ட் முதலில் ஓரத்தில்தான் போகிறது. அதற்குக் காரணம் பெல்ட்டை வழிநடத்தும் முறை.

எந்த பெல்ட்டும் தானாக நேராக ஓடாது. இரண்டு ரோலர்களும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முடியின் கனம் நகர்கிறது என்று வையுங்கள், நூறு சுற்றில் அது கால் அங்குலத்தைக்கூடத் தாண்டலாம். மாவு மில் புல்லியைப் பார்த்தால் நடுவில் லேசாக மேடாக இருக்கும். பெல்ட் அந்த மேட்டைத் தேடி ஏறுவதால் நடுவிலேயே நிற்கும். இந்த ஃபிலிமுக்கு அந்த வித்தை சரிவராது. அது நீளாது, மேட்டில் ஏறினால் சுருக்கம் விழும், கலர் போய்விடும். அதனால் எங்கள் மெஷின் மாதிரி உள்ளவற்றில், பெல்ட்டின் உள்பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வரம்பு ஒட்டியிருப்பார்கள். ரோலரின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்து ஓடும். வயலில் வரப்பு மாதிரி, நகரப் பார்க்கிற பெல்ட்டை அதுதான் தடுக்கிறது. பள்ளத்தில் டோனர் கட்டிவிட்டால் வரம்பு மேலே ஏறிவிடும். ஏறிய இடத்தில் ஓரம் மடங்கி மடங்கி விரிசல் விடும். என் 9,000 அப்படித்தான் போனது. கம்பேட்டிபிள் பெல்ட்டில் அந்த வரம்பை ஒட்டிய பசையும் ஓரிடத்தில் விட்டிருந்தது. ஆனால் குற்றத்தில் பாதிக்கு மேல் என்னுடையதுதான்.

மூன்றாவது பெல்ட்டை அவர் மாட்டியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் ரோலர்களும் பள்ளமும் சுத்தம். கையுறை போடாமல் பெல்ட்டைத் தொடவில்லை, கை எண்ணெய் பட்ட இடத்தில் டோனர் ஒழுங்காக இறங்காது என்றார். ஃப்ரேமைச் செங்குத்தாக நிறுத்தி, வரம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்து, மேலிருந்து வளையல் மாட்டுவது போல இறக்கினார். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு கடைசி வரை தாளில் தெரியும். டென்ஷன் கொடுக்கும் முன் நான்கு மூலையிலும் விரலால் தடவி வரம்பு உட்கார்ந்ததா என்று பார்த்தார், நான் விட்டது இதைத்தான். பிறகு சுத்தம் செய்யும் பிளேடின் விளிம்பில் லேசாகப் பவுடர் தூவினார். வறண்ட பிளேடு புது பெல்ட்டோடு ஒட்டி மடங்கிக்கொள்ளுமாம். கையால் சுற்றியது ஓடும் திசையில் மட்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பிளேடு போச்சு. பத்து சுற்று முடிந்து வரம்பை மறுபடி பார்த்தார். அப்புறம்தான் கவுண்டர் ரீசெட், கலர் ரிஜிஸ்ட்ரேஷன் (நான்கு கலரையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது) எல்லாம்.

அந்த பெல்ட்டும் ஒரு தடவை பயம் காட்டியது. கடையை வேறு இடத்துக்கு மாற்றிய மறுவாரம், கலர் விலகல் எத்தனை தடவை சரிசெய்தாலும் திரும்பத் திரும்ப வந்தது. சென்சாரைத் துடைத்தோம், டிரம்மை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மெஷின்மேல் வைத்தால், குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தரை சரிவு. மெஷினின் உடம்பே லேசாக முறுக்கி நிற்க, உள்ளே ரோலர்கள் இணையாக இல்லை. ஒரு காலை உயர்த்தியதும் அன்று மாலையே சரியானது. மூன்று லட்சம் தாண்டியது அதற்குப் பிறகுதான்.

சிவகாசியில் ஒரு நண்பரிடம் உள்ள பெரிய மெஷினில் வரம்பை நம்பும் ஏற்பாடு இல்லை. ஒரு சென்சார் பெல்ட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு மோட்டார் ரோலரின் ஒரு முனையைத் துளித்துளியாகச் சாய்த்து பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவரும். ஓரத்துக்கு அழுத்தமே இல்லை, பொறாமையாக இருந்தது. சென்சாரில் டோனர் தூசி படிந்தால் எரர் காட்டி நின்றுவிடும் என்று அவர் அலுத்துக்கொண்டதும் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்று. தாளில் புள்ளியோ கோடோ திரும்பத் திரும்ப விழுந்தால் உடனே பெல்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், ஸ்கேல் எடுங்கள். எங்கள் டிரம் 30 மில்லிமீட்டர் விட்டம், அதில் கீறல் இருந்தால் 94 மில்லிமீட்டருக்கு ஒரு முறை ஒரே தாளில் பல தடவை விழும். பெல்ட் ஒரு தாளைவிட நீளம் என்பதால், அதில் உள்ள கீறல் ஒரு தாளில் விழும், அடுத்ததில் காணோம், அதற்கடுத்ததில் இடம் மாறி விழும். இது தெரியாமல் ஒரு நல்ல பெல்ட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது பெல்ட் ஒரிஜினல்தான், நானே மாட்டினேன். இன்று காலை கவுண்டரில் 1,42,000. முன்பக்க ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெளுப்பு தெரிகிறது. வரம்பு பள்ளத்தில்தான் இருக்கிறது. ஆவணி முகூர்த்த வேலை முடியும் வரை வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.